எங்கே மட்கும்? எத்தனை நாளில்?

‘மட்கும் தன்மை கொண்டது’ என்ற சொற்றொடரை இன்று இரண்டு இடங்களில் காண்கிறோம். ஒன்று அறுவை சிகிச்சை அரங்கு, மற்றொன்று கடைவீதி. அறுவை மருத்துவர் கையாளும் தையல் நூலுடன் வரும் குறிப்பேட்டில் அது எத்தனை வாரம் வலுவோடு இருக்கும், எத்தனை நாளில் உடலுக்குள் முற்றிலும் கரையும் என்ற கணக்கு தெளிவாக இருக்கிறது. கடையில் நம் கைக்கு வரும் பையிலோ பெரும்பாலும் ஒரு பச்சை இலைப் படமும், ‘மட்கும்’ என்ற சொல்லும் மட்டுமே இருக்கின்றன. இவ்விரண்டு பொருள்களும் வேதியியல் உறவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம்.

நான் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வேதியியல் அறிஞன் அல்லன். ஆயினும், ஒரு பொருளின் மீது எழுதப்படும் சொல் விற்பவர் வாங்குபவருக்கு அளிக்கும் வாக்குறுதி என்ற முறையில், ‘மட்கும்’ என்ற சொல்லின் உள்ளடக்கத்தை அறிய விரும்பினேன். அந்தத் தேடல் என்னைத் திசுப் பொறியியல் என்னும் மருத்துவத் துறைக்கு அழைத்துச் சென்றது. மட்குதல் குறித்த மிகத் துல்லியமான அறிவு அங்குதான் திரண்டிருக்கிறது. பிளாஸ்டிக் தடையில் தமிழகத்துக்கு முன்னோடியான நீலகிரிக்கு அந்த அறிவு இன்று பெரிதும் தேவைப்படுகிறது.

திசுப் பொறியியலின் அடிப்படைக் கருத்து எளிமையானது. எலும்போ, தோலோ, குருத்தெலும்போ சிதைந்த இடத்தில் உயிரணுக்கள் தாமாகவே வளர்ந்து சரியான வடிவத்தை எட்டிவிடுவதில்லை. அவை பற்றிப் படர ஒரு தாங்கு கட்டமைப்பு வேண்டும். நுண்துளைகள் நிறைந்த அத்தகைய கட்டமைப்பைப் பாலிமர் என்னும் பலபடிச் சேர்மங்களால் உருவாக்கி, உயிரணுக்களை அதில் குடியேற்றிப் புதிய திசுவை வளர்க்கலாம் என்பதே கருத்து. அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் லேங்கரும் ஜோசப் வகாந்தியும் 1993-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இத்துறைக்கு ஒரு வரையறை வகுத்துத் தந்தது.

அந்தக் கட்டமைப்புக்குப் பொருத்தமான சொல் நம் கொத்தனார்களிடமே இருக்கிறது: சாரம். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டப்படும் சாரம் கட்டடத்தின் பகுதி அன்று. ஆனால், அது இல்லாமல் கட்டடம் எழாது. சுவர் இறுகும் முன் அவிழ்த்தால் வேலை கெடும்; வேலை முடிந்த பின்னும் அவிழ்க்காவிட்டால் வீடு வீடாகாது. சாரத்தின் பெருமை அது நிற்பதில் பாதி, உரிய நாளில் விலகுவதில் பாதி.

கட்டடத்தில் சாரத்தை அவிழ்க்க ஆள் இருக்கிறார். உடலுக்குள் யார் அவிழ்ப்பது? இன்னொரு முறை அறுத்துத் திறந்து எடுப்பதானால் இந்த முயற்சிக்கே பொருளில்லை. எனவே, தானே அவிழும் சாரம் தேவைப்பட்டது. அதை அவிழ்க்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் தண்ணீர்.

பாலிமர் என்பது ஒரே வகை மணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட மாலை போன்றது. பாலித்தீனில் கார்பன் அணுக்கள் நேரடியாகக் கைகோத்து நிற்கின்றன. தண்ணீர் நுழைந்து வெட்டக்கூடிய முடிச்சு அந்த மாலையில் இல்லை. பாலிலாக்டிக் அமிலம், பாலிகிளைக்காலிக் அமிலம் போன்ற மருத்துவப் பாலிமர்களின் அமைப்பு வேறு. அவற்றில் ஒவ்வொரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே ‘எஸ்டர்’ என்னும் இணைப்பு உள்ளது. தண்ணீர் மூலக்கூறு அந்த இணைப்பில் புகுந்து அதை இரண்டாகப் பிளக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர்.

இவ்வாறு அறுந்து அறுந்து இறுதியில் எஞ்சுவது லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைப்பதும், ஓடிக் களைத்த நம் தசைகளில் உருவாவதும் இதே அமிலம்தான். உடலுக்கு இது அந்நியப் பொருள் அன்று. வழக்கமான வளர்சிதை மாற்றத்தில் அதை எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேற்றிவிடுகிறது. சாரம் இருந்த இடத்தில் திசு இருக்கும். சாரம் மூச்சுக்காற்றில் கலந்து போயிருக்கும்.

எல்லாச் சாரங்களும் செயற்கைப் பாலிமர்கள் அல்ல. கொலாஜன், ஜெலட்டின் போன்ற இயற்கைப் பாலிமர்களைத் தண்ணீரைவிட உடலின் நொதிகளே வெட்டுகின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கி உருவாக்கிய ‘கோலிடெர்ம்’ என்ற காயச் சாரம் 2023-இல் நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்றது. நமக்கு அருகிலேயே இத்துறை இவ்வளவு தூரம் வளர்ந்திருப்பது பெருமைக்குரியது.

பாலிமர் சாரம் சிதைவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் மாலையின் நீளம் குறைகிறது. அடுத்து வலிமை குறைகிறது. கடைசியில்தான் எடை குறைகிறது. பார்வைக்கு முழுமையாகத் தோன்றும் சாரம் உள்ளுக்குள் வலுவிழந்திருக்கலாம். ஆகவே, ‘எப்போது மறையும்’ என்பது மட்டுமல்ல, ‘எதுவரை தாங்கும்’ என்பதும் தனியாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 1970-களில் புழக்கத்துக்கு வந்த ‘விக்ரில்’ தையல் நூலை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரத்தில் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிறது. 56 முதல் 70 நாள்களில் நூல் முற்றிலும் கரைகிறது. தோலுக்கு அடியில் உள்ள காயம் ஒட்டிக்கொள்ள அந்த மூன்று வாரங்கள் போதும் என்பது கணக்கு.

இந்தக் கடிகாரத்தை விரைவாகவும் மெதுவாகவும் ஓட வைக்க முடியும் என்பதுதான் இத்துறையின் வெற்றி. லாக்டிக், கிளைக்காலிக் ஆகிய இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் ஒன்று அல்லது இரண்டு மாதங்களில் சிதையும் பொருள் கிடைக்கிறது. லாக்டிக் பங்கை 75 விழுக்காடாக உயர்த்தினால் நான்கைந்து மாதங்கள் தாங்கும். 85 விழுக்காடு என்றால் ஐந்தாறு மாதங்கள். மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட, படிகத் தன்மை மிகுந்த தனிப் பாலிலாக்டிக் அமிலம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நிற்கும். தண்ணீர் எளிதில் உட்புக முடியாத இடத்தில் வெட்டும் வேலையும் தாமதமாகிறது.

தடிமனுக்கும் பங்குண்டு. ஆனால், அது நாம் எதிர்பார்க்கும் திசையில் இல்லை. பருமனான துண்டு மெதுவாகச் சிதையும் என்றுதான் நினைப்போம். உண்மையில் பருமனான பாலிலாக்டிக் துண்டின் நடுப்பகுதி, மேற்பரப்பைவிட விரைவாகச் சிதைகிறது. சிதைவில் பிறக்கும் அமிலம் மேற்பரப்பிலிருந்து எளிதில் கழுவிச் செல்லப்படுகிறது. நடுவில் பிறக்கும் அமிலம் வெளியேற வழியின்றித் தங்கி, மேலும் பல இணைப்புகள் அறுவதைத் தூண்டுகிறது. சிதைவே சிதைவை வேகப்படுத்தும் இந்நிலை ‘தன் வினையூக்கம்’ எனப்படும். எலும்பு முறிவைப் பொருத்தப் பாலிகிளைக்காலிக் அமில ஊசிகளைப் பயன்படுத்திய பின்லாந்து மருத்துவர்கள், சில நோயாளிகளுக்குச் சில வாரங்கள் கழித்துக் கிருமித் தொற்று ஏதுமின்றியே வீக்கமும் நீர்க்கசிவும் ஏற்பட்டதைப் பதிவு செய்தனர். உடல் அப்புறப்படுத்தும் வேகத்தைவிடச் சிதைவின் வேகம் கூடினால், நல்ல பொருளும் தொல்லையாகும்.

உதகை மக்களுக்கு இதே வேதியியல் வேறு வடிவில் அறிமுகமானது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இங்குதான் ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருள்களைத் தயாரித்தது. அக்காலத் திரைப்படச் சுருள்களின் அடித்தளம் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட். அதிலும் எஸ்டர் இணைப்புகள் உண்டு. பழைய சுருள்கள் சிலவற்றைத் திறந்தால் வினிகரின் நெடி வீசும்; ஈரம் பட்டு இணைப்புகள் அறுந்து அசிட்டிக் அமிலம் பிறப்பதே காரணம். அந்த அமிலம் பெட்டிக்குள் தங்கி மேலும் சிதைவைத் தூண்டும். உடலுக்குள் இருக்கும் சாரத்தின் நடுப்பகுதியில் நிகழ்வதும் இதைப் போன்றதே. இச்சிதைவைத் தடுக்கத் திரைப்படக் காப்பகங்கள் கையாளும் முதல் வழி, சுருள்களைக் குளிரிலும் குறைந்த ஈரப்பதத்திலும் வைப்பது. குளிர், நீராற்பகுப்பின் கையைக் கட்டிப்போடுகிறது.

பொருள், அளவு, வெப்பம், ஈரம், இடம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே மட்கும் நாளை நிர்ணயிக்கின்றன. ‘மட்கும்’ என்பது உப்பின் கரிப்பைப் போலப் பொருளுக்குள்ளேயே உறையும் குணம் அன்று. பொருளுக்கும் இடத்துக்கும் இடையே ஏற்படும் ஓர் உடன்பாடு. இடம் மாறினால் உடன்பாடும் மாறும்.

இடம் மாறியதால் ஒரு பொருளின் கதையே மாறியதற்கு இதய ஸ்டென்ட் சான்று. பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன, மூன்று ஆண்டுகளில் கரையும் ‘அப்சார்ப்’ என்ற ஸ்டென்டை அபாட் நிறுவனம் 2012-இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. உலோகம் உடலில் நிலையாகத் தங்காது என்ற கருத்து ஈர்ப்புடையதாக இருந்தது. நம் மருத்துவமனைகளில் நோயாளிகள் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் இதற்குச் செலுத்தினர். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தபோது, கரையும் ஸ்டென்டுக்கும் மருந்து பூசிய உலோக ஸ்டென்டுக்கும் ஒரே விலையை, 29,600 ரூபாயை, நிர்ணயித்தது. ‘கரையும்’ என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை தர இயலாது என்பதே அதன் பொருள்.

அதே காலத்தில் வெளியான ஆய்வுகள், கரையும் ஸ்டென்டில் ரத்தம் உறையும் அபாயம் உலோக ஸ்டென்டைவிடக் கூடுதல் எனக் காட்டின. உலோகத்துக்கு இணையான வலிமை தேவைப்பட்டதால் அதன் கம்பிகள் ஏறத்தாழ 150 மைக்ரான் தடிமனாக இருந்தன. இதயத்தின் குறுகிய ரத்தக்குழாயில் அந்தத் தடிமன் ரத்த ஓட்டத்துக்கு இடையூறு. விற்பனைக் குறைவைக் காரணமாகக் கூறி, 2017 செப்டம்பரில் நிறுவனம் அதன் விற்பனையை உலகெங்கும் நிறுத்தியது. ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. அதே குடும்பப் பாலிமரில் மெல்லிய கம்பிகளுடன் உருவான சாரத்தை, முழங்காலுக்குக் கீழே உள்ள ரத்தக்குழாய் அடைப்புக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024-இல் ஒப்புதல் அளித்தது. இதயத்தில் தோற்றது, வடிவம் திருந்திக் காலில் இடம்பெற்றது. எந்த இடத்துக்கு, எந்த வடிவில், எத்தனை நாளுக்கு என்று மருத்துவம் கேட்டதால்தான் இந்தத் திருத்தம் சாத்தியமானது.

இனி, மருத்துவமனையிலிருந்து நம் மலைக்கு வருவோம். கடைகளில் ‘மட்கும் பை’ என்று தரப்படுபவற்றில் முறையான தரச்சான்று பெற்றவை பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலம், மாவுச்சத்து, எஸ்டர் வகையைச் சேர்ந்த வேறு பாலிமர்கள் ஆகியவற்றின் கலவை. இவற்றுக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 17088, இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. அதன்படி, பையில் உள்ள கார்பனில் 90 விழுக்காடு 180 நாள்களுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். ஆனால், சோதனை நடக்கும் வெப்பநிலை 58 டிகிரி செல்சியஸ். உரத் தொழிற்கூடங்களின் பெருங்குவியலுக்குள் நிலவும் வெப்பம் அது. மனித உடலின் வெப்பம் 37 டிகிரி. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையின் ஆண்டுச் சராசரியோ ஏறத்தாழ 15 டிகிரி.

வேதிவினைகளுக்குப் பொதுவான ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும். 58-இலிருந்து 15-க்கு இறங்கினால் வேகம் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்காகிறது. அதாவது, தொழிற்கூடத்தில் 180 நாள் என்பது உதகை மண்ணில் சுமார் 10 ஆண்டுகள். இது ஆய்வக முடிவன்று. அளவை உணர்த்தும் மதிப்பீடு மட்டுமே. 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பாலிலாக்டிக் அமிலம் இளகித் தண்ணீருக்கு எளிதில் வழிவிடும். குளிரில் அது கண்ணாடி போல் இறுகி நிற்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மதிப்பீடு மிகையானது என்று சொல்ல முடியாது. குன்னூரில் என் வீட்டுக் கொல்லையில் உள்ள உரக்குழியில் காய்கறித் தோல் சில மாதங்களில் மண்ணாகிவிடுகிறது. ஓராண்டுக்கு முன் அதே குழியில் விழுந்த ‘மட்கும்’ பையில் அச்சிட்ட எழுத்தை இன்றும் படிக்க முடிகிறது.

இம்மலையின் இயல்பே பாதுகாத்து வைப்பது. மேட்டு நிலத்துச் சதுப்புகளில் குளிரும் நீர்த்தேக்கமும் சேர்ந்து, புல்லும் செடியும் முழுமையாக மட்காமல் கரியதோர் அடுக்காகப் படிந்திருக்கின்றன. அறிவியலாளர் ஆர்.சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் படிவுகளை ஆராய்ந்து, 20,000 ஆண்டுக் காலப் பருவநிலை வரலாற்றை 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். இயற்கையான புல்லின் எச்சத்தையே இத்தனை ஆயிரம் ஆண்டுகள் வைத்திருக்கும் ஒரு நிலத்தில், தொழிற்சாலைப் பாலிமர் ஆறு மாதத்தில் மறைந்துவிடும் என்று எண்ணுவது எப்படிப் பொருந்தும்?

நீலகிரி பிளாஸ்டிக்குக்கு எதிரான பயணத்தை 2000-களின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர் சுப்ரியா சாஹுவின் முன்முயற்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. தமிழக அரசின் தடை நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1 அன்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் நீலகிரியில் தண்ணீர் பாட்டில்களுக்கும் கட்டுப்பாடு வந்தது, தண்ணீர் ஏ.டி.எம்.கள் நிறுவப்பட்டன. பர்லியாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி சாவடிகளில் வாகனங்கள் சோதிக்கப்படுகின்றன. இவ்வளவு உழைப்பால் எழுப்பிய சுவரில், ‘மட்கும்’ என்ற ஒற்றைச் சொல் ஒரு வாசலைத் திறந்துவிடக் கூடாது. ஏனெனில், உரமாகும் பிளாஸ்டிக்குக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு.

அந்த வாசலில் நுழைய முயல்பவை தரச்சான்று பெற்றவை மட்டும் அல்ல. பாலித்தீனுடன் சில உலோக உப்புகளைச் சேர்த்து, வெயிலில் நொறுங்கும்படி செய்த பைகளும் ‘மட்கும்’ என்ற பெயரில் வலம் வருகின்றன. அவை மட்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகின்றன. அடையாளம் காண வாங்குபவரிடம் எந்தக் கருவியும் இல்லை. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்நிலையைத்தான் விளக்குகிறது. தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்றால், மலிவான போலி, நல்ல பொருளைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும். கலப்படமற்ற உரப்பையைச் செலவு செய்து தயாரிப்பவர் தோற்பார். இலைப் படம் அச்சிட்டவர் வெல்வார். இழப்பு வாங்குபவருடன் நிற்காது. குப்பை மேட்டைக் கிளறும் காட்டெருமையும், உணவின் மணம் பட்ட பையை விழுங்கும் யானையும், கடமானும் அதை ஏற்கின்றன. அவற்றின் வயிற்றில் 58 டிகிரி வெப்பமும் இல்லை. 180 நாள் அவகாசமும் இல்லை.

இதற்கு ஓரளவு தீர்வு சட்டத்திலேயே வந்திருக்கிறது. மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2024 மார்ச் மாதம் செய்யப்பட்ட திருத்தம், உயிரியல் முறையில் மட்கும் பிளாஸ்டிக் நுண்துகள்களை மிச்சம் வைக்கக் கூடாது என்கிறது. எத்தனை நாளில், மண்ணிலா நீரிலா, எந்தச் சூழலில் மட்கும் என்பதை அப்பொருளின் மீதே குறிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. மருத்துவர் தையல் நூலிடம் கேட்கும் அதே கேள்விகளைச் சட்டம் இப்போது பையிடம் கேட்கிறது. விதி சரியானது, அது சாவடிகளிலும் கடைகளிலும் நடைமுறையாக வேண்டும்.

நீலகிரிக்கு மூன்று செயல்கள் உடனடித் தேவை. முதலாவது, மலையேறும் எந்த ‘மட்கும்’ பொருளிலும் நாள், சூழல், தரச்சான்று எண் ஆகிய மூன்றும் இல்லையெனில் அதைச் சாதாரண பிளாஸ்டிக்காகவே கருதித் தடுக்க வேண்டும். இரண்டாவது, சான்று பெற்ற பைகளுக்கு விலக்கு தருவதானால், அவை சென்று சேரும் இடத்தையும் உருவாக்க வேண்டும். கழிவைப் பெருங்குவியலாக அமைத்து, முறையாகப் புரட்டி, ஈரம் காத்தால் குளிர்ப்பகுதியிலும் குவியலின் உள்வெப்பம் 55 டிகிரியைத் தாண்டும். உதகையின் தீட்டுக்கல், குன்னூரின் ஒட்டுப்பட்டறை போன்ற இடங்களில் உரமாகும் பைகளைத் தனியே பிரித்து இவ்வாறு பதப்படுத்தும் ஏற்பாடு இருந்தால்தான் விலக்குக்குப் பொருளுண்டு. இல்லையேல் அந்த விலக்கைக் குளிர்ந்த மலை மாவட்டங்களில் நிறுத்தி வைப்பதே நேர்மை. மூன்றாவது, இங்கு நிலவும் வெப்பநிலையில் இப்பைகள் எவ்வாறு சிதைகின்றன என்பதை நம் கல்லூரி மாணவர்களே மண்ணில் புதைத்து, எடை பார்த்து, ஆண்டுதோறும் வெளியிடலாம். இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. ஒரு தராசும் பொறுமையும் போதும்.

பொதுமக்களுக்கான வழி இன்னும் எளிது. 2021 டிசம்பரில் அரசு மீண்டும் அறிமுகப்படுத்திய மஞ்சப்பை ஐம்பது முறை பயன்படும். அதற்கு மட்கும் நாளைப் பற்றிய கவலை தொடக்கத்திலேயே குறைவு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எறியும் பொருளை மட்டும் மாற்றினால் மலையின் சுமை குறையாது.

உடலுக்குள் வைக்கும் ஒரு சிறு நூலுக்கு, அது தாங்க வேண்டிய வாரங்களையும் மறைய வேண்டிய நாளையும் எழுதிக் கொடுக்காமல் நாம் ஒப்புதல் தருவதில்லை. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அந்தக் கண்டிப்பு. இந்த மலையும் ஓர் உயிருள்ள உடல்தான். ஊடே ஓடும் நீரோடைகள் சமவெளிக்கும் சென்று சேர்பவை. அடுத்த முறை ஒரு கடைக்காரர் ‘இது மட்கும் பை’ என்று நீட்டும்போது, வாங்குபவர் ஒவ்வொருவரும் இரண்டே கேள்விகளைக் கேட்கட்டும்: எங்கே மட்கும்? எத்தனை நாளில்? விடை பையின் மேல் இல்லையென்றால், பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.